டயர் காற்றழுத்தத்தைக் கம்பியின்றிக் காட்டும் கருவி: 14 மாதங்களுக்குப் பிறகு

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து வடக்கே பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்துக்கு மாதம் ஒருமுறையாவது காரில் செல்லும் குடும்பம் எங்களுடையது. போக வர 700 கிலோமீட்டரைத் தாண்டும் அந்தப் பயணத்தை மனத்தில் வைத்துத்தான், டயர்களின் காற்றழுத்தத்தைக் கம்பியின்றிக் காட்டும் கருவி ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கி என் பழைய மைவி காரில் பொருத்தினேன். வாங்கிய வாரமே எழுதியிருந்தால் இது புகழுரையாக இருந்திருக்கும். நான்காம் மாதத்தில் எழுதியிருந்தால் புகாராக முடிந்திருக்கும். 14 மாதங்கள் ஓட்டிவிட்ட இப்போதுதான் அதன் நிறைகுறைகளை உரிய அளவோடு சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். ஒரே வடிவில் உள்ள இந்தக் கருவி இணையக் கடைகளிலும் ஜாலான் ஈப்போ பக்கத்துக் கார் அலங்காரக் கடைகளிலும் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுவதால், பெயரைச் சொல்வதால் வாசகருக்குப் பயன் இல்லை. எந்த வகையைச் சேர்ந்தது என்பதைச் சொன்னால் போதும்.

டயரின் வால்வில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திருகிப் பொருத்தும் நான்கு சிறு மூடிகளும், டேஷ்போர்டின் மேல் ஒட்டிவைக்கும் ஒரு திரையும்தான் இதன் மொத்த உறுப்புகள். நகக்கண் அளவிலான ஓர் அழுத்த உணரி, ஒரு வெப்ப உணரி, ஒரு நாணய பேட்டரி, ஒரு சிறு வானொலி அனுப்பி ஆகிய நான்கும் ஒவ்வொரு மூடிக்குள்ளும் அடங்கியிருக்கின்றன. திரையின் தலையில் சூரிய மின்தகடு இருப்பதால் அதற்குக் கம்பி தேவைப்படுவதில்லை. மூடிகள் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செய்தி அனுப்புகின்றன. ஐரோப்பியக் கார்களின் டயர் உணரிகள் பயன்படுத்துவதும் இதே அலைவரிசைதான். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 மெகாஹெர்ட்ஸ் வழக்கில் இருக்கிறது. ஆகவே மாற்று மூடி வாங்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். ஒன்று பேசுவது மற்றொன்றின் காதில் விழாது.

ஓயாமல் சுழலும் சக்கரத்துக்குள் கம்பி இழுப்பது எளிதன்று என்பதால், காருக்குள் கம்பியில்லாத் தொடர்பு ஆடம்பரமாக இல்லாமல் தேவையாகவே நுழைந்த இடங்களுள் டயரும் ஒன்று. 1986-இல் வெளிவந்த போர்ஷே 959 கார்தான் டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் வசதியுடன் வந்த முதல் பயணிகள் கார். அடுத்த பதினான்கு ஆண்டுகள் அது விலையுயர்ந்த கார்களின் அலங்காரமாகவே இருந்தது. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வாகனங்களில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்தோல் பிரிந்து பலர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, 2000-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அதன் விளைவாக, பரிந்துரைக்கப்பட்ட அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி, 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்கப்படும் எல்லாச் சிறு வாகனங்களிலும் கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பரில் எல்லாப் புதிய பயணிகள் கார்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. நம் சாலைகளில் இன்னும் ஓடும் பழைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வசதி கிடையாது. அந்தக் குறையைத்தான் 150 வெள்ளியில் (ரிங்கிட்) இந்த மூடிகள் நிரப்புகின்றன.

சில புதிய கார்களில் டயருக்குள் உணரியே இல்லாமல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கின் சக்கர வேக உணரியைக் கொண்டு கணக்கிடும் முறை இருக்கிறது. காற்று குறைந்த டயரின் விட்டம் சற்றுச் சுருங்குவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும் என்பதே அதன் அடிப்படை. செலவு குறைவான முறைதான் என்றாலும், நான்கு டயர்களிலும் ஒருசேரக் காற்று இறங்கினால் அதற்கு எளிதில் தெரிவதில்லை. எவ்வளவு இருக்கிறது என்ற எண்ணையும் அது காட்டுவதில்லை. எண் எவ்வளவு முக்கியமானது என்பதை இந்த மூடிகளைப் பொருத்திய பிறகுதான் நான் உணர்ந்தேன்.

விடியற்காலையில் செந்தூலில் வண்டி குளிர்ந்திருக்கும்போது நான்கு டயர்களிலும் 230 கிலோபாஸ்கல் வைத்துக் கிளம்பினால், தஞ்சோங் மாலிம் வருவதற்குள் திரையில் 250 தெரியும். முதல் பயணத்தில் அதைக் கண்டு பதறி, எண்ணெய் நிலையத்தில் நிறுத்திக் காற்றைத் திறந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவ்வாறு செய்திருந்தால் பெரிய தவறாகியிருக்கும். டயரின் வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் இந்த அளவிலான அழுத்தம் ஏறக்குறைய 11 கிலோபாஸ்கல் கூடும்; ஓட்டத்தில் 20 டிகிரி ஏறுவது இயல்பே. சூட்டில் திறந்துவிட்ட காற்று, மறுநாள் காலையில் பற்றாக்குறையாக நிற்கும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்ந்து தன்னைத் தானே சூடாக்கிக்கொள்கிறது. அந்தச் சூடுதான் கடைசியில் டயரைப் பிளக்கிறது. அலுவலகத்தில் திறந்தவெளியில் நிறுத்தினால், வெயில் படும் பக்கத்து இரண்டு டயர்களும் நிழல் பக்கத்து டயர்களைவிட ஏழெட்டு எண் கூடுதலாகக் காட்டுவதையும் பல நாள்கள் பார்த்திருக்கிறேன். இவற்றையெல்லாம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆறாவது மாதத்தில் இந்தக் கருவி தன் விலையைத் திருப்பித் தந்தது. காலை நாலரை மணிக்கு மனைவியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். கிளம்பும்போது நான்கும் 230. தஞ்சோங் மாலிமைத் தாண்டியபோது மூன்று டயர்கள் 248, 250 என்று வழக்கம்போல ஏறியிருக்க, பின்பக்கத்து இடது டயர் மட்டும் 241-இல் நின்றது. சிலிம் ரிவரில் மற்ற மூன்றும் 251-ஐத் தொட்டபோது அது 233-க்கு இறங்கியிருந்தது. சுங்கையில் 226. நான் எச்சரிக்கை எல்லையை 205 என்று வைத்திருந்ததால் கருவி ஒலி எழுப்பவில்லை. ஒலிக்காமல் இருந்தது அதன் தவறும் அன்று; 226 என்பது தன்னளவில் ஆபத்தான எண் அல்ல. ஆனால் மூன்று டயர்கள் சூடேறி உயர்ந்துகொண்டிருக்கும் வேளையில் ஒன்று மட்டும் இறங்குகிறது என்றால், அதன் உண்மையான இழப்பு திரையில் தெரிவதைவிட அதிகம் என்பதை அதற்குள் நான் கற்றிருந்தேன்.

வேகத்தைக் குறைத்து இடப்பக்கத் தடத்திலேயே சென்று, தாப்பா ஓய்வுத்தளத்தில் நிறுத்தினேன். கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, கூரைத் தகடு முடுக்கும் திருகாணி ஒன்று டயரின் நடுப்பகுதியில் தலைவரை புதைந்திருந்தது. அந்த டயரைக் கண்ணால் பார்த்தால் மற்ற டயர்களைப் போலவேதான் இருந்தது. காலால் உதைத்துப் பார்த்தும் வேறுபாடு தெரியவில்லை. அங்கிருந்த எண்ணெய் நிலையத்தில் காற்றை நிரப்பிக்கொண்டு மெதுவாகத் தாப்பா நகருக்குள் இறங்கி, டயர் கடை திறக்கும்வரை காத்திருந்து உள்ளிருந்து ஒட்டுப் போட்டுக்கொண்டோம். “தம்பி, இதோடு ஈப்போவைத் தாண்டி மலையில் ஏறியிருந்தால் டயரையே மாற்ற வேண்டியிருந்திருக்கும்” என்றார் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர். டயரை மட்டும்தான் அவர் சொன்னார். ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கத்தைக் கடந்து இறங்கும் அந்த வளைவுகளில், கனரக வண்டிகளுக்கு நடுவே, பின் சக்கரம் ஒன்று பிளந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்து அன்று முழுவதும் என் மனைவி அதிகம் பேசவே இல்லை.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதற்கு மதிப்பு இராது. முதல் குறை மிகவும் கவலைக்குரியது. காற்றிழப்பைக் கண்டுபிடிக்க வேண்டிய மூடிகளுள் ஒன்றே காற்றை இழக்கச் செய்தது. மூடியைத் திருகும்போது அது வால்வின் ஊசியை அழுத்தித் திறந்து, டயரின் காற்றைத் தன் உணரிவரை கொண்டுவருகிறது; அதன் உள்ளே இருக்கும் சிறு ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் காற்று அவ்வழியே கசியும். முன் வலது டயர் மூன்று நாளைக்கு ஒருமுறை பத்து எண் குறைந்துகொண்டே வந்ததற்குக் காரணம் அதுவே. சோப்புநீரைத் தடவிப் பார்த்தபோது குமிழி வந்தது. கழற்றி மீண்டும் முடுக்கியதும் நின்றது. பொருத்திய அன்றே நான்கையும் சோப்புநீரால் சோதிக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். என் கையேட்டில் அது எங்குமே இல்லை.

அடுத்தது ரப்பர் வால்வு. மூடி ஒவ்வொன்றும் பத்து கிராம் அளவே இருந்தாலும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் சுழலும்போது அது வால்வின் கழுத்தை வெளிப்புறமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. பழைய ரப்பர் வால்வின் அடியில் நுண்ணிய வெடிப்பு இருந்தால் அது விரியக்கூடும். எனவே மூடி பொருத்துவதற்கு முன்பு வால்வுகளை வளைத்துப் பார்த்து, வெடிப்பிருந்தால் மாற்றிவிட வேண்டும். சில வெள்ளிகளில் முடியும் வேலைதான். திருடுபோகாமல் இருக்க மூடிக்கு அடியில் ஒரு நட்டைப் பூட்டுவதால், காற்று அடிக்கும் ஒவ்வொரு முறையும் சிறு ஸ்பேனரைத் தேடி எடுக்க வேண்டியிருப்பது இன்னொரு தொல்லை. கோலாலம்பூர் வெயிலில் திரையின் ஒட்டுப்பட்டை இளகி இரண்டு முறை கீழே விழுந்தது. நல்ல ஒட்டுப்பட்டை வாங்கி மாற்றியபின் நிற்கிறது.

நான்காம் மாதத்தில் என்னைப் புகார் எழுதும் நிலைக்குக் கொண்டுவந்தது வேறொன்று. பின் டயர்கள் இரண்டின் எண்களும் அடிக்கடி மறைந்து வெறும் கோடுகளாகத் தெரிந்தன. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எண்ணி மாற்றியும் பயனில்லை. கடைசியில் காரணம் மூடிகளில் இல்லை என்று தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் நான் சாலையைப் படம்பிடிக்கும் டேஷ்கேம் ஒன்றையும், அதற்கு மின்சாரம் தர மலிவான யுஎஸ்பி சார்ஜர் ஒன்றையும் பொருத்தியிருந்தேன். திரை அவற்றுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தரமற்ற சார்ஜர்கள் கிளப்பும் மின்காந்த இரைச்சலில், பின் சக்கரத்திலிருந்து கார் உடம்பின் இரும்பைச் சுற்றிக்கொண்டு வரும் மெல்லிய வானொலிச் செய்தி அமுங்கிப்போகிறது. சார்ஜரைப் பிடுங்கியதும் எண்கள் திரும்பின. தரமான சார்ஜரை வாங்கித் திரையையும் ஒரு முழம் தள்ளி வைத்தபின் இந்தத் தொல்லை மீண்டும் வந்ததில்லை. அந்த மூடிகளுக்குப் பேசத்தான் தெரியும், கேட்கத் தெரியாது என்பதும் இங்கே நினைவில் கொள்ள வேண்டியது. “உன் செய்தி எனக்கு வந்து சேரவில்லை, மறுபடி சொல்” என்று திரையால் கேட்க முடியாது. பேட்டரியைக் காப்பாற்ற அவை சில நிமிடங்களுக்கு ஒருமுறையோ, அழுத்தம் மாறும்போதோதான் பேசுகின்றன. அதனால் காலையில் வண்டியை எடுத்த உடனே திரையில் தெரிவது நேற்றைய எண்ணாக இருக்கலாம். இரண்டொரு கிலோமீட்டர் ஓடிய பிறகு தெரிவதையே நம்ப வேண்டும்.

டயர்களை முன்பின்னாக மாற்றிப் பூட்டும்போது மூடிகளும் டயரோடு இடம் மாறிவிடுகின்றன. ஆனால் திரையோ பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மூடிக்கும் மாறாத அடையாள எண் ஒன்று உண்டு. திரை அந்த எண்ணைத்தான் ‘முன் இடது’, ‘பின் வலது’ என்று நினைவில் வைத்திருக்கிறது. டயர் கடையில் வேலை முடிந்ததும் மூடிகளை அவற்றின் இடத்துக்கே மாற்றிப் போட வேண்டும். என்னுடைய டயர் கடையில் இதைச் சொல்ல மறந்ததால், இரண்டு வாரங்கள் தவறான டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

அடையாள எண் இருப்பதால்தான் பேரங்காடியின் வாகன நிறுத்துமிடத்தில் பக்கத்துக் காரின் டயர் என் திரையில் வந்து நிற்பதில்லை. அங்கே சுற்றிலும் உள்ள கார்களின் செய்திகளும் என் கருவிக்கு வந்து சேரத்தான் செய்கின்றன. தன்னுடைய நான்கு எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றவற்றை அது விட்டுவிடுகிறது. இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் தென் கரோலினா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய டயர் உணரிகளின் செய்திகள் மறையாக்கம் செய்யப்படாமல் வெளிப்படையாகச் செல்வதையும், 40 மீட்டர் தொலைவிலிருந்துகூட அவற்றைக் கேட்க முடிவதையும், போலிச் செய்தி அனுப்பிக் காரின் எச்சரிக்கை விளக்கை எரிய வைக்க முடிவதையும் காட்டினார்கள். மாறாத எண்ணை ஒலிபரப்பிக்கொண்டு போகும் கார், யார் கண்ணிலும் படாமல் போவதாகச் சொல்ல முடியாது. ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இது பெரிய அச்சுறுத்தல் என்று நான் கருதவில்லை. ஆனாலும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மலிவு வகைகளில் இதற்கான பாதுகாப்பு பற்றி ஒரு வரிகூடக் கையேட்டில் இல்லாதது எனக்கு வருத்தமே.

இந்த மூடிகள் என் டயரைப் பற்றி மட்டுமே சொல்லும். நெடுஞ்சாலையில் என்னை அதிகம் அச்சுறுத்துவதோ முன்னே போகும் லாரியின் டயர். நாம் ‘செலுப்’ என்று சொல்லும் மறுதோல் ஒட்டிய டயரின் கிழிந்த பட்டைகள் தடத்தின் நடுவில் கிடப்பதை வடக்குப் பக்கம் ஓட்டுகிற ஒவ்வொருவரும் பார்த்திருப்பார்கள். இரவில் அதன்மேல் ஏறினால் எந்த மூடியும் முன்கூட்டி எச்சரிக்காது. அதற்கு வண்டியும் வண்டியும் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும். அமெரிக்கா 1999-லேயே 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இதற்கென 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது. தன் இருப்பிடம், வேகம், திசை, பிரேக் நிலை ஆகியவற்றை ஒவ்வொரு காரும் விநாடிக்குப் பத்து முறை சுற்றியுள்ள கார்களுக்குச் சொல்லும் முறை வகுக்கப்பட்டது. ஆனால் வைஃபை வழி வந்த நுட்பமா, கைப்பேசி வலையமைப்பின் வழி வந்த நுட்பமா என்ற போட்டியில் ஆண்டுகள் கரைந்தன. ஒரு வகைக் காரின் பேச்சு மற்ற வகைக் காருக்குப் புரியாது என்பதால், இரண்டும் கலந்து ஓடும் சாலையில் பயன் பாதியாகிவிடும். 2020-இல் அந்த ஒதுக்கீடும் 30 மெகாஹெர்ட்ஸாகக் குறைக்கப்பட்டது. ஜப்பானில் டொயோட்டா 2015 முதல் 760 மெகாஹெர்ட்ஸில் இத்தகைய வசதியைச் சில கார்களில் தருகிறது. 2019-இல் வந்த எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், 800 மீட்டர் வரை உள்ள மற்ற வண்டிகளின் எச்சரிக்கையைக் கேட்கும் வசதியோடு ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது.

நமக்கு இந்த வகையில் கைக்கு எட்டியிருப்பது வானொலி அலையில் தன் அடையாளத்தைச் சொல்லிச் சுங்கச் சாவடியோடு பேசும் ஆர்எஃப்ஐடி ஒட்டியே. 2022 ஜனவரியில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஜூருவிலிருந்து ஸ்கூடாய் வரை திறக்கப்பட்டதிலிருந்து நானும் அதைப் பயன்படுத்துகிறேன். பேட்டரியே இல்லாத அந்த ஒட்டி, சாவடியின் அலையிலிருந்தே ஆற்றலை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. சாலையோடு கணக்குத் தீர்க்க முடிகிற கார், முன்னே போகும் லாரியிடம் “உன் டயர் பிரிகிறதா?” என்று கேட்க முடியாமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகவே தோன்றுகிறது. நாள் முழுக்க ஓடும் கனரக வண்டிகளுக்கு டயர் உணரியையும், அதன் எச்சரிக்கையைப் பின்னே வருவோருக்குச் சொல்லும் வசதியையும் முதலில் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில சொற்கள். பெட்டியிலோ கருவியிலோ மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று வில்லை இருக்கிறதா என்று பாருங்கள். வானொலி அலை அனுப்பும் கருவிக்கு அது தேவை. சந்தையில் இரண்டு வகைகள் உண்டு. வெளியே திருகும் மூடி வகையை வீட்டு வாசலிலேயே பத்து நிமிடத்தில் பொருத்திவிடலாம். அதன் நாணய பேட்டரி ஓராண்டு அளவுக்கு உழைக்கிறது, தீர்ந்தால் நாமே மாற்றலாம். என்னுடையதில் சிஆர்1632 வகை. பன்னிரண்டாம் மாதத்தில் நான்கையும் மாற்றினேன். டயருக்குள் ரிம்மில் பூட்டும் வகை விலை கூடியது, டயரைக் கழற்றித்தான் பொருத்த முடியும். ஆனால் அது திருடுபோகாது, ரப்பர் வால்வைச் சிதைக்காது, காற்று அடிக்க ஸ்பேனர் கேட்காது. அதன் பேட்டரியும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வரும். டயர் புதிதாக இருப்பவர்கள் இப்போதைக்கு மூடி வகையை வாங்கினால் போதும். டயர் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டவர்கள் சில மாதங்கள் பொறுத்து, மாற்றும்போதே உள்வகையைப் பொருத்திக்கொள்வது நல்லது. என் மைவிக்கு வரும் தைப்பூசத்துக்கு முன்பு புதிய டயர்கள் போட வேண்டும். அப்போது உள்வகைக்கு மாறி, இந்த நான்கு மூடிகளையும் பட்டர்வொர்த்தில் உள்ள மாமாவின் பழைய சாகா காருக்குக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. அவருடைய வால்வுகளை மட்டும் முன்கூட்டியே மாற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.